சுவர் தெளிவு, விரல் மங்கல்

இன்று காலையும் போன் கேட்டது: இடம் நிரம்பிவிட்டது, பெரிய வீடியோக்களை அழிக்கலாமா என்று. அது காட்டிய வரிசையில் முதலில் நீ நின்றாய், காலண்டர் மாட்டிய சுவருக்கு முன்னால், கை தூக்கியபடி.

உனக்குக் காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை. குடும்பத்தில் எல்லாருக்கும் விரலால் பெயர் வைத்திருந்தாய். நம் மகனுக்குக் காது மடலைச் சுண்டுவாய். எனக்கு, இறுக மூடிய முஷ்டி. பிடிவாதக்காரனாம். பேத்தி பிறந்ததும் அவளுக்கும் வைத்தாய்: கன்னத்தைத் தொட்டு, விரல்கள் படபடவென்று காற்றில் விரியும். ராணுவத்தில் இருக்கும் மகன் பார்க்கட்டும் என்று அதை வீடியோ எடுத்தேன். அனுப்புவதற்குள் நீ போய்விட்டாய். உன் காரியத்துக்கும் அவனால் வர முடியவில்லை.

அவன் இருக்கும் பனிமலையில் சிக்னல் சொட்டுச் சொட்டாகத்தான். பெரிய வீடியோ போகாது. அதியமான்கோட்டையில் ரோட்டோரம் ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் சுருக்கித் தரச் சொன்னேன். சுருக்கினார். காலண்டரில் தேதிகூடப் படிக்கலாம். அசையாததெல்லாம் பிழைத்துக்கொண்டது. உன் விரல்கள் மட்டும் கரைத்த கூழ் மாதிரி இழுபட்டுக் கிடந்தன.

"மொகம் நல்லாத் தெரியுதுங்களே, அப்பறம் என்னங்க?"

"அவ மொகத்தாலயா பேசுனா?"

"சின்னதாக்குனா ஏதாச்சும் போகத்தானுங்க செய்யும். வேணும்னா அந்தச் சாடைய நீங்களே செஞ்சு காட்டி அனுப்புங்களேன்."

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நீ வைத்த பெயரை நான் ஏன் என் கையால் சொல்ல வேண்டும்? கல்யாண வீடுகளில் உன் முகத்தைப் பார்த்து 'பாவம்' என்றவர்கள் ஒருவரும் உன் கையைப் பார்த்ததில்லை. இப்போது கம்ப்யூட்டரும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. இதில், பின்னால் கேட்ட குக்கர் விசிலை மட்டும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தார் ஸ்டுடியோக்காரர்.

நானே உட்கார்ந்தேன். கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். சத்தத்தை அடியோடு நீக்கினேன். கை விரியும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுவரை வெட்டினேன். படத்தைச் சிறிதாக்கினேன், ஆனால் ஒவ்வொரு நொடிக்குள்ளும் ஓடும் தனித்தனிப் படங்களில் ஒன்றைக்கூட விடவில்லை, உன் பேச்சு அங்கேதான் இருக்கிறது. மிச்சமிருந்த சுவர் கலங்கியது. கலங்கட்டும்.

போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு மகன் ஒரு துண்டு வீடியோ அனுப்பினான். கையுறையைக் கழற்றினான், கன்னத்தைத் தொட்டான், விரல்களை விரித்தான்.

"அதான் அவருக்குப் போயிருச்சுங்களே மாமா, பெருச அழிச்சிரலாமுங்க" என்கிறாள் மருமகள். அவளும் போனும் மாறி மாறிக் கேட்கிறார்கள். நீ எனக்கு வைத்த பெயரைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.