நாலு பாத்தி வெங்காயம்

2024 ஜனவரி 9
நாலு பாத்தியிலும் வெங்காயம் ஊன்றி முடித்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சோக்கட்டி பிடித்த கை இது, விரல்கள் மடங்கவில்லை. என் கணவர் ஏர்னெஸ்ட் விறாந்தைக் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் வலக்கையும் காலும் பாதிப் பேச்சும் போய்விட்டன. கட்டளை மட்டும் குறையவில்லை. "நெருக்கம்... நெருக்கம்" என்றார். ஒரு பாத்தியைப் பிடுங்கித் திரும்ப நட்டேன்.

ஜனவரி 21
கனடாவிலிருந்து மகள் ஜெயனி கதைத்தாள். ஏப்ரல் கடைசியில் அவளுக்குப் பிள்ளை பிறக்கும்.
"அம்மா, நீங்கள் வரத்தான் வேணும். அப்பாவை ஆறு மாதத்துக்கு ஒரு முதியோர் இல்லத்திலை விடலாம்தானே?"
பார்ப்பம் என்றேன்.

பெப்ரவரி 6
தண்ணீர் இறைத்தேன். அவரைக் குளிப்பாட்டினேன். சமைத்தேன். திரும்ப இறைத்தேன்.

பெப்ரவரி 19
இன்று கத்திவிட்டேன். காலையிலிருந்து "புல்லு, புல்லு" என்று ஒரே ஆக்கினை.
"உங்கடை வெங்காயத்தை நீங்களே பாருங்கோ! எனக்கு ஏலாது!"
முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என்ன மனுசி? ஆனால் மெய்யாகவே ஏலாது. இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏப்ரலில் இடம் இருக்கிறதாம்.

பெப்ரவரி 21
கடைக்குப் போய் வந்து பார்த்தால் கதிரையில் ஆளில்லை.
பாத்திக்குள் இருந்தார் — நிலத்தோடு இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து போயிருக்கிறார். இடக்கையால் புல்லுப் பிடுங்குகிறார். புல்லோடு வெங்காயமும் வந்திருந்தது. ஏச வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்து அவ்வளவையும் திரும்ப ஊன்றினேன்.
"இடம்... எப்ப?"
நான் இல்லத்தோடு கதைத்ததைக் கேட்டிருக்கிறார்.
"ஏப்ரலிலை."
இன்னொரு புல்லைப் பிடுங்கினார். பிறகு, "பிள்ளைக்கு... நீ... போ."

மார்ச் 8
விசா வந்துவிட்டது. சந்தோசமா? தெரியவில்லை. களைப்பாயிருக்கிறது.

மார்ச் 23
வெங்காயத் தாள் சாய்ந்துவிட்டது, இனிக் கிண்டலாம். நான் கிண்டிக் கொடுக்க அவர் பிடி பிடியாகச் சேர்த்தார். ஒரு கையால் முடிச்சு வராது, அதனால் கட்டினது நான். ஒரு பாத்தி அழுகல். மற்ற மூன்றும் நல்ல சிவப்பு. இருவரும் மண்ணோடு இருந்து தேத்தண்ணீர் குடித்தோம்.

ஏப்ரல் 10
இல்லத்தில் விட்டுவிட்டு வந்தேன். முப்பத்தாறு வருடத்தில் ஒருநாளும் என்னோடு கைகுலுக்கினதில்லை. இன்று இடக்கையை நீட்டினார்.

மே 4, டொரொன்டோ
பேத்திக்கு இன்று ஒன்பது நாள். இல்லத்துக்குப் போன் எடுத்தேன். அவரைப் பார்க்கிற பிள்ளை சாருஜா சிரிக்கிறாள்.
"ஐயா எங்களை இருக்க விடுறாரில்லை அம்மா. சமையல் குசினிக்குப் பின்னாலை பாத்தி கட்டச் சொல்லி ஒரே பிடி. இப்பவும் அங்கைதான்."
"ஒருக்கால் போனைக் குடுங்கோ, பிள்ளை."
போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.
"பிறகு எடுக்கட்டாம், அம்மா. வேலையாம்."