மரத்துக்குக் கேட்ட ஒரு மாதம்

அக்கா,

நேற்று மருதனார்மடச் சந்தையில் எலுமிச்சை இனத்துத் தேசிக்கன்று ஒன்று வாங்கினேன். வேரை ஈரச்சாக்கில் சுற்றித் தந்தார்கள். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது அந்தச் சாக்கு மணம் மூக்கில் ஏறியது. உங்கள் நினைவில், இறங்கவேண்டிய இடத்தையும் தவறவிட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு, குண்டு போடும் பொம்மர் அடிக்கடி வரத் தொடங்கிய நேரம். பதுங்கப் பங்கர் வெட்டலாமென்றால், எங்கள் வளவில் எங்கே தோண்டினாலும் இரண்டடியில் கல். மண் ஆழமாக இருந்த ஒரே இடத்தில் என் கணவர் வைத்த சைப்பிரஸ் நின்றது. எண்பத்துமூன்று கலவரத்தில் நுவரெலியா வேலையை விட்டு உடுத்த உடுப்போடு வந்தவர், அந்தக் கன்றை மட்டும் பால்மாத் தகர ரின்னில் வைத்துக் கொண்டுவந்தார். ஊரில் எல்லோருக்கும் அது கிறிஸ்மஸ் மரம். அவர் காலமானபோது இடுப்பளவு நின்றது, தொண்ணூறில் என் தலைக்கு மேல். பங்கர் வெட்ட வந்த என் தம்பி கோடரியை எடுத்ததும் நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

சத்தம் கேட்டு, பக்கத்து வளவிலிருந்து வேலி இடைவெளிப் பொட்டுக்குள்ளால் வந்தீர்கள். தேசி, மாதுளை என்று வளர்ந்த மரங்கள் எத்தனையை இடம் மாற்றியவர் நீங்கள்.

"வெட்டவேண்டாம், கிளப்பி அங்காலை வைப்பம், மரத்துக்கு இரண்டடி மண் காணும். உடனை கிளப்பினால் செத்துப்போம். இண்டைக்கு அரைவட்டத்துக்கு வேரை வெட்டிவிடுவம், பதினைஞ்சு நாளாலை மற்ற அரைவட்டம். ஒரு மாசம் வேணும்."

"அதுவரைக்கும் பிள்ளையளோடை நான் எங்கை ஓடுறது?"

"ஏன், எங்கடை பங்கர் கிடக்குத்தானே? வாரும்."

அந்த மாதம் முழுக்கப் பொம்மர் சத்தம் கேட்டால் நானும் மூன்று பிள்ளைகளும் உங்கள் வளவுக்கு ஓடிவந்தோம். உங்கள் வீட்டு நாலு பேருக்கென்று வெட்டிய பங்கர் அது. நீங்கள் வெளிப்படியில் இருப்பீர்கள். உள்ளே கூப்பிட்டால், "உள்ளுக்கை எனக்கு மூச்சு முட்டும், நீர் பேசாமல் இரும்" என்று அதட்டுவீர்கள். "அக்காவுக்குப் பொம்மர் பாக்க ஆசை" என்று நான் பகிடி வேறு விட்டேன்.

மாதம் முடிய, வேர்மண் உதிராமல் ஈரச்சாக்கால் கட்டி, நாலு பேரைக் கொண்டு தூக்குவித்து, முன்பு கிழக்கைப் பார்த்த பக்கம் கிழக்கையே பார்க்க நட்டுவித்தீர்கள். இரண்டு கிளை மஞ்சளாகப் பழுத்ததோடு மரம் தப்பிவிட்டது.

போன மாதம், நீங்கள் காலமாகி எட்டாம் நாள், உங்கள் எட்டுச்செலவன்று உங்கள் மகளிடம் அந்தப் பகிடியைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கு எங்கை மாமி மூச்சு முட்டினது? நீங்கள் வரமுதல் அவ கடைசி மூலையிலைதான் இருப்பா. உங்களுக்கு இடம் காணாதெண்டுதான் வெளியிலை இருந்தவ."

வெட்கமாக இருக்கிறது அக்கா. கோபமும் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே அந்த மரத்தை என் கையாலேயே வெட்டிப் போட்டிருப்பேன்.

அது தெரிந்துதான் நீங்கள் சொல்லவில்லை.