இரண்டாவது நாற்காலி

கண்டி,
4.3.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்துவிட்டது. பட்டம் வாங்கிப் பதினோரு மாதமாகிறது. நான் போட்ட விண்ணப்பங்களில் பதில் வந்த முதலாவது இதுதான். வாசித்துவிட்டு இந்தச் சின்ன அறைக்குள் மூன்று சுற்று நடந்தேன். 18ஆம் திகதி, வியாழன், காலை ஒன்பது மணி, நுவரெலியா. நான் இங்கிருந்து நேரே போய்விடுவேன். நீங்கள் அலைய வேண்டாம்.

உங்கள் மகள்,
சுதர்ஷினி

டயகம,
9.3.1999

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் காலைப் பெரட்டில் கைக்கு வந்தது. வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் வாசித்தேன். வேலாயி, "நம்ம லயத்துப் புள்ள டீச்சரம்மாவா" என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுவதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. அதைப் பேசித் தீர்த்தேன்.

மேற்படி நேர்முகம் சம்பந்தமாக: துரைமார் முன்னால் நம் ஆட்களை நான் முப்பது வருஷமாகத் தனியே அனுப்பியதில்லை. ஆண்டியப்பன் ஒரு தடவை சொல்லாமல் தனியாகப் போய், காட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அது அவனுடைய ராஜினாமா என்று நாங்கள் வாசித்துச் சொல்லித்தான் அவனுக்கே தெரியும். ஆகவே நான் வருவதென்று நம் தொழிற்சங்கக் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது.

இப்படிக்கு,
செ. அழகுமுத்து
தோட்டத் தலைவர்
(முத்திரை)

கண்டி,
19.3.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த எனக்கு அது எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நீங்களும் வந்தீர்கள். சுவரோரம் கிடந்த இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொண்டுவந்த சங்கக் கோப்பைத் திறந்தீர்கள். "புள்ளைக்கு வேல குடுக்கலேன்னா காரணத்த எழுத்துல குடுங்க. இல்லேன்னா நாளைக்கு எங்க டிவிசன்ல ஒரு ஆளும் பெரட்டுக்கு வராது" என்றீர்கள். டயகமவில் தேயிலைக் கொழுந்து எடுக்காவிட்டால் கல்வி அலுவலகத்துக்கு என்ன நட்டம் என்று மூன்று அதிகாரிகளும் உண்மையாகவே யோசித்தார்கள்.

யாழ்ப்பாணத்து அதிகாரி துரைராசா என்னைப் பார்த்து, "பிள்ளை, இவர் ஆர்?" என்றார்.

"எங்கள் தோட்டத் தலைவர்" என்றேன்.

அது பொய்யில்லையே. நீங்கள் "சரிங்க" என்று கோப்பைக் கட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். பிறகு கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். வெளியே வந்தபோது உங்கள் பஸ் போய்விட்டிருந்தது.

சுதர்ஷினி

டயகம,
25.3.1999

அன்பு மகளுக்கு,

நீ சொன்னது முறையானது. பேச்சுவார்த்தை மேசையில் உறவு சொல்லக் கூடாது. அதை நானே பல கூட்டங்களில் வலியுறுத்தியிருக்கிறேன்.

அம்மா கேட்டாள். சுமுகமாக முடிந்தது என்றேன். பஸ்ஸில் வரும்போது இறங்கும் இடத்தைத் தாண்டி மலைப்பாதையில் இரண்டு முடக்கு போய்விட்டேன். மழை, வெளியே ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு இங்கே மழை இல்லை என்கிறாள் அம்மா.

இப்படிக்கு,
தலைவர்
(முத்திரை)

கண்டி,
3.5.1999

அன்புள்ள அப்பா,

வேலை கிடைத்துவிட்டது. நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. நியமனக் கடிதத்தை வாங்க நுவரெலியாவுக்குப் போனேன். வரும் வழியில் அதை எத்தனை முறை பிரித்தேனோ, இறம்பொடை தாண்டுவதற்குள் பக்கத்து ஆசனத்துச் சிங்கள அம்மா ஒன்றும் விளங்காமலே என் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டார்.

கடிதத்தைத் தந்தவர் துரைராசா ஐயா. "அண்டைக்கு வந்த ஐயா சுகமோ? எனக்கு நேர்முகம் நடக்கேக்கை காரணத்தை எழுத்தில கேக்க ஒருத்தரும் வரேல்லை" என்றார்.

"அவர் என்னுடைய அப்பா" என்றேன். நாற்பத்தாறு நாள் பிந்திய பதில்.

"அது எங்களுக்கு அண்டைக்கே விளங்கினது, பிள்ளை. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

வரும் திங்கள், 10ஆம் திகதி, பாடசாலை அதிபர் முன்னால் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். துரைமார் முன்னால் நம் ஆட்கள் தனியாகப் போகும் வழக்கம் இல்லை. எட்டு மணிக்கு நோர்வூட் பஸ் நிலையத்தில் நிற்பேன். அதிபர் உங்களைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்பார். என்ன சொல்வேன் என்பதை நீங்கள் வந்து கேட்க வேண்டும்.

உங்கள் மகள்,
சுதா

டயகம,
6.5.1999

சுதாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பெரட்டில் வாசிக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் வாசித்தேன். அவள் போய்ப் பெரட்டில் சொல்லிவிட்டாள். வேலாயி மறுபடியும் கூடையை வைத்துவிட்டாள். இந்த முறை கண்டாக்கையா அந்தக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வருகிறேன். கோப்பு வேண்டாம். நீயே பேசு, நான் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு நாற்காலிதான் இருக்கிறதென்றால் நின்றுகொள்கிறேன். பத்து மணிக்கு டீச்சர்மாருக்குத் தேத்தண்ணீர் உண்டா என்று மட்டும் அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்பேன். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன்.

அப்பா