அம்மா படிக்கட்டில் சாப்பிட்ட கதை

என்னோடு சண்டை பிடிக்கும் உரிமையை இன்னும் விட்டுக்கொடுக்காத என் ஜெனி அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுத முடியாத கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். நீ ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி ஒரு வருசம் தாண்டிவிட்டது. நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டேன். போன கிழமை லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்தத் தவணை பல்கலைக்கழகத்தில் எங்களுக்குத் தந்த வேலை, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பத்தார் காத்திருக்க ஒரு சிறிய கட்டடம் வடிவமைப்பது. கேட்டதும் வேறு தலைப்புத் தரச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை. நீ போனபிறகு அம்மா ஆஸ்பத்திரி என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. உன் பேச்சு வந்தாலும் எழுந்து போய்விடுவார். அவரிடம் நான் இதை எப்படிச் சொல்வேன்?

திங்கட்கிழமை என் ஆசிரியை நான் அட்டையில் செய்த மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிச் சுவர், வெள்ளைக் கூரை, வரிசையாகக் கதிரைகள். "அழகாக இருக்கிறது, அனிற்றா. ஆனால் ஆட்களைக் காணவில்லையே" என்றார். வெளியிலிருந்து வரும் கட்டடக்கலைஞர்கள் முன்னால் வெள்ளிக்கிழமை நான் அதை விளக்க வேண்டும். ஆட்களை வைக்க நினைத்தாலே, கைப்பையை மடியில் வைத்தபடி அம்மாதான் வந்து உட்கார்ந்தார். அதனால்தான் ஒருவரையும் வைக்காமல் விட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தில் மேசை கிடைக்கவில்லை. மாதிரியைப் பெட்டிக்குள் வைத்து ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதிரே இருந்த பெண் கேக் என்று நினைத்து, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள். நீயாக இருந்தால் "எனக்குத்தான்" என்று சொல்லியிருப்பாய்.

புதன்கிழமை நான் குளித்துவிட்டு வர, அம்மா சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவர், யூனிபோர்ம்கூட மாற்றவில்லை. பெட்டி திறந்திருந்தது.

"இது ஆரின்ரை வீடு, பிள்ளை?"

"வீடில்லை அம்மா. ஆஸ்பத்திரியிலை, நோயாளியளின்ரை ஆக்கள் வந்து இருக்கிறதுக்கு."

அம்மா குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் பெட்டியை மூடி மாடிக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். அதற்குள் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து எனக்கு எதிரே இருந்தார்.

"மூடாதை. இதுக்குள்ளை எங்கை இருந்து சோறு சாப்பிடுறது?"

நான் மூடியைக் கீழே வைத்துவிட்டு வரிசைக் கதிரைகளைப் பார்த்தேன்.

"நான் படிக்கட்டிலை இருந்துதான் சாப்பிட்டனான். மீன்குழம்பெண்டால் வாட் முழுக்க மணக்கும். பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைச் சுழிச்சால் ஜெனிக்கு வெக்கமாப் போயிடும். அதான் கதவைத் தள்ளிக்கொண்டு படியிலை போய் இருந்திடுவன்."

அக்கா, நீ ஒவ்வொரு நாளும் "சாப்பிட்டியளோ அம்மா?" என்று கேட்பாய். அவர் "ஓம்" என்பார். எங்கே சாப்பிட்டீர்கள் என்று உனக்கோ எனக்கோ கேட்கத் தோன்றவில்லையே?

ஒருநாள் அதே படிக்கு இன்னொரு தாய் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாராம். கானா நாட்டுக்காரர், பெயர் கிரேஸ். உனக்கு வந்த அதே இரத்தப் புற்றுநோய்தான் அவருடைய மகனுக்கும்.

"இடம் இருக்கோ எண்டு கேட்டா. கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டன். அவ தன்ரை சோத்தைத் தந்தா, நான் என்ரை மீனைக் குடுத்தன். என்ன உறைப்பு பிள்ளை அந்தச் சோறு. என்ரை கண்ணாலை தண்ணி ஓடுது. நான் அழுறன் எண்டு அவ பயந்துபோனா. பிறகு விசயம் விளங்கி ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பிலை நேர்ஸ் வந்து எட்டிப் பாத்தவ."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். உனக்குத் தெரியுமே, தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. அந்தச் சிரிப்பை எவ்வளவு காலத்துக்குப் பிறகு பார்க்கிறேன். நாங்கள் எல்லோரும் நொந்து கிடந்த அந்த இடத்தில் இப்படியும் ஒரு மத்தியானம் இருந்திருக்கிறதா?

வியாழக்கிழமை கண்ணாடி அறையைப் பிரித்துப் போட்டேன். நடுவில் நீள மேசை, பக்கத்தில் சின்னக் குசினி, தோட்டத்துப் பக்கம் அகலத் திறக்கும் யன்னல்கள். அன்று அம்மாவுக்கு வேலை இல்லை. அட்டையில் ஆட்களை வெட்டித் தந்தார், தலை பெரிதும் கால் சிறிதுமாக. ஒருவரைச் சுவரோரம் நீள வாங்குப் பலகையில் படுக்க வைக்கச் சொன்னார். "செருப்பைக் கழட்டிக் கீழை வை. ஆக்கள் செருப்போடை படுக்கமாட்டினம்." அவ்வளவு சின்னச் செருப்பு வெட்ட எனக்குக் கை வரவில்லை. அவரே வெட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்த கட்டடக்கலைஞர்களில் ஒருவருக்கு என் குசினி பிடிக்கவில்லை. தீ, மணம், துப்புரவு என்று அடுக்கிக்கொண்டே போனார். அதில் பாதி நியாயம். அடுப்பை எடுத்துவிட்டு மைக்ரோவேவ் வைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அப்படியென்றால் மேசையையும் சிறிதாக்கலாமே என்றார். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை.

"என் அம்மா மாதக்கணக்காகப் படிக்கட்டில் இருந்து சாப்பிட்டார். பக்கத்தில் இன்னொருவர் வந்து இருந்தார். அந்த இன்னொருவருக்கும் இங்கே இடம் வேண்டும்" என்றேன். அவர் குனிந்து, வாங்கில் படுத்திருந்தவரையும் செருப்பையும் கனநேரம் பார்த்தார். "மேசை இருக்கட்டும். கூரைதான் பாரமாகத் தெரிகிறது" என்றார். ஆசிரியை இதையே ஆண்டு முடிவுக் கண்காட்சிக்கு வளர்த்தெடுக்கச் சொல்லிவிட்டார்.

"என்னவாம்?" என்று அம்மா வாசலிலேயே கேட்டார்.

"கூரை சரியில்லையாம்."

"கூரைதானே. மாத்தலாம்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மா தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். கிரேஸின் இலக்கம் இன்னும் அதில் இருந்தது. "ஒருக்கா அடிச்சுப் பார். எனக்குக் கேக்கப் பயமாக் கிடக்கு." எதைக் கேட்கப் பயம் என்று எனக்கு விளங்கியது. அந்தப் பையன் இல்லை என்று சொன்னாலும் தாங்க ஏலாது. இருக்கிறான் என்று சொன்னால் மட்டும் தாங்குவது சுலபமா?

அடித்தேன், கிரேஸே எடுத்தார். பையன் இருக்கிறான், அக்கா. சுகமாகி, திரும்பவும் படிக்கப் போகிறான். நான் தலையசைத்ததும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு மதிலில் சாய்ந்தார். கொஞ்சம் அழுதார். பிறகு ஃபோனை வாங்கி, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் நீ போனதைத் தானே சொன்னார். சற்று நேரத்தில் இருவரும் ஒரே மூச்சில் கதைக்கத் தொடங்கினார்கள்.

வரும் ஞாயிறு தாயும் மகனும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அப்பாவும் கடைக்கு லீவு போடுகிறாராம். நேர்ஸ்மாருக்கு நீ வைத்த பட்டப்பெயர்களை எல்லாம் அந்தப் பையனுக்குச் சொல்வேன், அவனுக்கும் அவர்களைத் தெரிந்திருக்கும். அவன் எழும்பி வந்துவிட்டானே என்று எனக்குள் ஒரு எரிச்சல் வரக்கூடும். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? வந்தாலும் பரவாயில்லை. அவன் தட்டில் முதல் மீன்துண்டை நான்தான் வைப்பேன். பெரிய துண்டாகப் பார்த்து வைப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உனக்கு இளையவள்,
உன் தங்கச்சி அனிற்றா