நீலத் தார்ப்பாய்

அக்கா,

நகரத் திட்டமிடல் வகுப்பில் உன் வரைபடத்துக்குத்தான் முதல் பரிசாமே. சந்தோஷம்.

நேற்று அதே வரைபடத்தோடு நகராட்சிக்காரர் நம் தெருவுக்கு வந்தார். நீயும் கூடப் படிப்பவர்களும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தீர்களாம். நம் வரிசை வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் நீலம் பூசியிருந்தது.

"மேப்புல இது குளம்மா. குளத்துல வீடு கட்டினா ஆக்கிரமிப்புதானே? காலி பண்ணுங்க."

அம்மா சிரித்தேவிட்டாள். "குளமுமில்ல, குட்டையுமில்லங்க. ஒழுகுற கூரைமேல வரிசையா எல்லாரும் போட்ட தார்ப்பாய். எம் பெரியவ இதத்தான் படிக்கிறா. அவ ஒரு வார்த்த சொன்னா சரியாயிடும்."

வரைபடத்தின் மூலையில் இருந்த உன் பெயரை நான் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

கூடப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நம் வீட்டுத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து விரித்தவள் நீ. அவர்கள் குளம் என்றபோது, "அது எங்க வீடு" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதானே?

நீ வந்து பேசுவாய் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். காலையிலிருந்து மழை. கிழிந்த பக்கத்துக்கு இன்னொரு தார்ப்பாய் வாங்கி, நான் ஒருத்தியாகவே விரித்தேன். அதுவும் நீலம்தான். வரைபடத்தைத் திருத்தும்போது குளத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்.

இப்படிக்கு,
குளத்துக்குள் குடியிருக்கும்
உன் தங்கை