அமெரிக்கர் கூரையை நிமிர்ந்து பார்த்த நாள்

டொக்டர்,

நேற்றுக் காலை, நான் இப்போது வேலை செய்கிற ஆஸ்பத்திரிக் குசினியில் நோயாளிகளுக்குப் பாண் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். புறங்கையில் சில்லென்று ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் காற்றுக்குழாயின் மூட்டில் அடுத்த துளி திரண்டுகொண்டு நின்றது. மேற்பார்வை பார்க்கிற பெண் ஒரு துணியை நீட்டி, “துடைத்துவிடு, இன்றைக்குச் சோதனைக்கு யாரும் வரப்போவதில்லை” என்றாள். உங்கள் செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் கவனித்திருப்பார்கள். அது ஒரு மாதம் கழித்து, இந்தப் பாண் தட்டுக்கு முன்னால் வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மவுண்ட் ரோஸ்கில் வீடுகளிலிருந்து இறைச்சி வேர்க்ஸுக்கு, அமெரிக்காவுக்கு மாட்டிறைச்சி அனுப்புகிற தொழிற்சாலைக்கு, உங்கள் பழைய காரில் இரண்டு பேரும் போவோம். நான் மாட்டிறைச்சியிலிருந்து எலும்பு கழிக்கிறவன். நீங்கள் அந்த இறைச்சி நல்லதா என்று பார்க்க அரசாங்கம் போட்டிருந்த மிருக வைத்தியர். முட்டைகூடத் தொடாத சைவக்காரர், அமெரிக்கர் தின்கிற மாட்டுக்குக் காவல் நிற்கிறார் என்று நான் பகிடி பண்ணாத நாள் குறைவு. வீட்டுக்கு வந்ததும் கராஜ் குழாயில் கம்பூட்ஸ் என்கிற றப்பர் சப்பாத்தையும் காலையும் கழுவினால்தான் உங்கள் மனைவி உள்ளே விடுவா.

அமெரிக்காவிலிருந்து பரிசோதகர் வரப்போகிறார் என்ற கதை வந்தபோது எல்லோரும் பயந்தார்கள். அவர்களுடைய அணுக்கப்பல்களை இந்த நாடு வரவேண்டாம் என்று சொல்லியிருந்த காலம். அந்தக் கோபத்தையும் எங்கள் தலையில் இறக்குவான் என்றார்கள். நான் காரில் உங்களிடம் கேட்டேன்.

“அவன் இஞ்ச வந்து எங்கட வேர்க்ஸைப் பூட்டேலுமோ?”

“ஏலாது. அவங்கட காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டிருக்கு. தங்கட நாட்டில எப்பிடிச் சுத்தமா வெட்டவேணுமோ அப்பிடி வெட்டுற இடத்தில இருந்துதான் வாங்கலாம். இந்த மனுசன் பாத்துச் சொல்லுவார். பிறகு எங்கட அமைச்சே, அங்க அனுப்பலாம் எண்ட இடங்களின்ர பட்டியலில இருந்து எங்கட பேரை எடுத்துப்போடும். கதவு திறந்துதான் கிடக்கும், சாமான்தான் போகாது.”

“எங்களுக்கு அங்க வோட்டும் இல்லை.”

“அங்க ஒரு பிள்ளை எங்கட இறைச்சியைத் தின்னுது. அதுக்கு இஞ்ச வோட் இருக்கோ?” என்று கேட்டுச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிரறைக் கூரை அந்த மாரி முழுக்க ஒழுகியது. தொங்குகிற இறைச்சி மேல் சொட்டுச் சொட்டாக விழும். நீங்கள் முகாமையாளரிடம் சொல்லிப் பார்த்தீர்கள். திருத்துகிறோம் என்றார்கள், திருத்தவில்லை. பரிசோதகர் வருவதற்கு முதல்நாள் கூரையைத் துடைத்து வெள்ளைப் பெயின்ற் அடித்தார்கள். அன்று பின்னேரம் என்னோடு வேலை செய்தவர்கள் என்னை உங்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் அனுப்பாவிட்டாலும் வந்திருப்பேன். என் மனைவிக்கு ஏழு மாதம். வீடு வாங்கி மோட்கேஜ் தொடங்கியிருந்தோம். நான் வந்து கேட்டதற்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

நீங்கள் கராஜ் வாசலில் கம்பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

“ஒண்டும் பொய் சொல்லவேண்டாம், டொக்டர். வாயைத் திறக்காமல் நிண்டால் போதும்.”

“கலவரத்தில, கொழும்பில எங்கட வீடு எரியேக்க முன்னால ரெண்டு பொலிஸ் நிண்டவங்கள். பிறகு கேட்டதுக்கு, நாங்கள் ஒண்டும் காணேல்லை எண்டாங்கள்.”

“அது வீடு. இது தண்ணி.”

“ஓம், தண்ணிதான்” என்றீர்கள். குழாயைப் பூட்டவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் அவர் வந்தார். அணுக்கப்பலை வாசலில் மறித்த நாடு அவருக்கு வெள்ளைக் கோட்டும் தொப்பியும் கொடுத்து உள்ளே கூட்டிப்போனது. நாங்கள் நினைத்த மாதிரிக் கொடுமைக்காரராக இல்லை. களைத்த முகம், மெல்லிய குரல். குளிரறையில் நிமிர்ந்து பார்த்தார். புதுப் பெயின்றில் துளிகள் வரிசையாகத் திரண்டிருந்தன. இன்றைக்குத்தான் இப்படி, கதவு திறந்து கிடந்துவிட்டது என்றார் முகாமையாளர். அமெரிக்கர் உங்கள் பக்கம் திரும்பினார். நான் இறைச்சித் தள்ளுவண்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றேன்.

“இல்லை. மாரி முழுக்க ஒழுகுகிறது” என்றீர்கள்.

கொஞ்ச நாளில் எங்கள் வேர்க்ஸின் பெயர் பட்டியலில் இல்லை. நீங்கள் சொன்னபடியே கதவு திறந்துதான் கிடந்தது. இரண்டாவது ஷிப்டை நிறுத்தினார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். எனக்குப் பக்கத்தில் கத்தி பிடித்த சமோவாக்காரன் போனான், நானும் போனேன். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டே இராதவர்கள் எங்கேயோ கூடிக் கையுயர்த்திய சட்டத்தால் என் மகள் பிறந்தபோது எனக்கு வேலை இல்லை. அந்தச் சட்டம் நியாயமானது என்று எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்துக் கீரையோடு வந்தீர்கள்.

“உங்களுக்குச் சம்பளம் நிக்கேல்லைத்தானே” என்றேன்.

“ஓம், நிக்கேல்லை.”

கீரைக்கட்டைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றீர்கள். பிறகு என் மனைவிதான் வந்து கீரையை வாங்கினா. அதன் பிறகும் நாங்கள் கதைத்தோம், கலியாணவீடுகளில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். அந்தக் கூரையைப் பற்றி மட்டும் கதைக்கவே இல்லை. கதைத்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அதுவாவது மிஞ்சியிருக்கும்.

நேற்று அந்தத் துணியை வாங்கினேன், துடைக்கவில்லை. “இது இன்றைக்குத் தொடங்கியது இல்லை. இந்தப் பாணைக் கொட்டவேண்டும், மேலிடத்துக்கும் சொல்லவேண்டும்” என்றேன். மேற்பார்வைப் பெண்ணின் முகம் சுருங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. நானும் ஒருவரை அப்படிப் பார்த்திருக்கிறேன். செய்தது சரியா என்று இரவு முழுக்க யோசித்தேன், இன்னும் தெரியவில்லை. சொல்லி முடித்ததும் என் கை நடுங்கத் தொடங்கியது. தட்டைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது.

அன்று குளிரறையில் எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்த்தோம். உங்கள் கையை நான் பார்க்கவில்லை, டொக்டர்.