இரண்டாம் கிரேடு

7 ஜனவரி 2025, செவ்வாய்

திருச்சானூர் லாட்ஜில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஆறு பேர் ஏற வேண்டியதில் ஒரு கல்யாண கோஷ்டியே ஏறியிருக்கிறது, லட்டுப் பைகளோடு. லிஃப்ட் மெக்கானிக் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்து ஒவ்வொருவராக இறக்கினேன். பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து "கோவிந்தா" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வேறென்ன செய்வது.

மத்தியானம் வெங்கடலட்சுமி போன் செய்தாள். போன ஆகஸ்டில் எங்கள் கல்யாணம், செப்டம்பரில் அவள் லெஸ்டருக்குத் திரும்பிப் போய்விட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அவளோடு போய் இருக்க விசா வேண்டும், விசாவுக்கு ஒரு தேர்வு தேற வேண்டும் என்றாள். எழுத வேண்டாம். படிக்க வேண்டாம். இங்கிலீஷில் பேசிக் காட்டினால் போதும்.

"விசா வர எத்தினி நாளாவும்?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றாள். வைத்துவிட்டாள்.

11 ஜனவரி, சனி

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் கடைக்கு மேலே ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். நடத்துவது தரணி மேடம். நகரிக்காரர், தமிழ்தான். ஆனால் கோபம் வந்தால் தெலுங்கு. அவருக்கு இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்தொன்பது. அவர் என்னை சார் என்கிறார், நான் அவரை மேடம் என்கிறேன். இரண்டு பேருக்கும் மரியாதை.

வாசலில் போர்டு: நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

பேச்சுத் தேர்வில் மொத்தம் பன்னிரண்டு கிரேடாம். முதல் கிரேடில் மூக்கு எது, பேனா எது என்று தொட்டுக் காட்ட வேண்டும். பன்னிரண்டாவதில் உலகத்தைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு வேண்டியது இரண்டாவது. வீடு, குடும்பம், கிழமை, நாய், பூனை. ஒரு அறை, ஒரு மேஜை, எதிரே ஒரு ஆள். சில நிமிடங்கள்.

"உங்க வீட்ல நாய் இருக்கான்னு கேட்டா, இருக்குன்னு சொல்லி, அதப் பத்தி ரெண்டு வார்த்த பேசுங்க."

"நாய் இல்லையே மேடம்."

"உண்மையா இருக்கணும்னு இல்ல சார். சரியா இருந்தா போதும்."

அவர் தினமும் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார், இங்கிலீஷில். டைரி எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

19 ஜனவரி, ஞாயிறு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை போனில் இங்கிலீஷ்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். பிராக்டீஸ். சம்மதித்தேன். பேசிய நேரம் முழுக்க வியர்த்தது.

2 பிப்ரவரி, ஞாயிறு

இத்தனை மாதமாகத் தமிழில் நாங்கள் பேசியது: சாப்டீங்களா. ஆச்சு. நீ. ஆச்சு. குளிரா. குளிரு. நைனா நல்லாக்கிறாரா. நல்லாக்கிறாரு.

இன்று கிளாஸ் புத்தகத்தைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டேன். உன் ஜன்னல் வழியாக என்ன தெரியும்? ஒரு சுவர் தெரியும். என்ன நிறம்? ஈரமான நிறம். (அப்படி ஒரு நிறம் புத்தகத்தில் இல்லை.) ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய்? துவைப்பேன், அப்புறம் பஸ்ஸில் உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். ஏன்? பஸ்ஸில் ஹீட்டர் உண்டு, மனிதர்கள் உண்டு.

அடுத்த கேள்வி பூனையைப் பற்றி. நான் கேட்கவில்லை.

5 பிப்ரவரி

எனக்கு அங்கே போக இஷ்டமில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். கோடு போட்டு அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

அவளைப் பிடிக்காமல் இல்லை. அதுதான் சிக்கல். ஆனால் அங்கே நான் யார்? இங்கே எந்த லாட்ஜுக்குள் போனாலும் வாட்ச்மேன் நாற்காலி எடுத்துப் போடுகிறான். தமிழில் சண்டை போடுவேன், தெலுங்கில் சண்டை போடுவேன், சமாதானமும் ஆவேன். இங்கிலீஷில் எனக்கு நாயும் பூனையும்தான் தெரியும். டீ கேட்கக்கூட வாய்க்குள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கினு கேக்கணும். காலையில அவ டூட்டிக்குப் போனா நா இன்னா பண்றது? ஈரச் சுவத்தப் பாத்துக்கினு குந்தறதா? யாரு கேட்டாலும் "நர்ஸம்மா புருஷன்"... அவ்ளோதானா நானு?

பயம். வேற பேரு இல்ல.

16 பிப்ரவரி, ஞாயிறு

புத்தூர் போனேன், நைனாவைப் பார்க்க. அப்பா கவர்மெண்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வேதாச்சலம் மகன் லண்டன் போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். லெஸ்டர் என்று திருத்தினேன். "எல்லாம் ஒண்ணுதான்டா" என்றார்.

போகாவிட்டால் என்ன என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் மீன் குழம்பை ஊற்றிவிட்டார். அவரே வைத்தது. "துன்னு துன்னு. அங்க போனா இதெல்லாம் எவன் வெச்சுக் குடுப்பான்."

தின்றேன்.

1 மார்ச், சனி

கிளாஸில் மாதிரித் தேர்வு. தரணி மேடம் வெள்ளைக்காரி மாதிரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார். வேலையைப் பற்றிக் கேட்டதும் வாய் தானாகவே ஓடிவிட்டது. "சார், நீங்க மூணாவது கிரேடுக்கே போலாம்" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். கவலையாக இருந்தது.

போகமாட்டேன் என்று நானாகச் சொல்லத் தைரியம் இல்லை. தேறவில்லை என்றால் யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. தேர்வு அதைச் சொல்லிவிடும்.

12 மார்ச், புதன்

சென்னையில் தேர்வு. விடியற்காலை பஸ்.

எதிரே உட்கார்ந்திருந்தது நரைத்த முடி அம்மா. மூக்குக் கண்ணாடி, நல்ல முகம். பெயரைக் கேட்டார், நாகேந்திரன் என்று சொன்னேன். அதையும் தப்பாகச் சொல்வது முறையில்லை.

நாய் இருக்கிறதா? எஸ். என்ன நிறம்? எஸ். இன்று என்ன கிழமை? ஜன்னலைப் பார்த்தேன். உங்கள் வீட்டில் எத்தனை அறை? யோசிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த அம்மா அவசரப்படவே இல்லை. தலையைச் சாய்த்து, சிரித்தபடி, கேள்வியை மெதுவாக இன்னொரு தடவை கேட்டார். அதற்கு மேலும் ஒரு தடவை. எனக்குத் தெரிந்த பதிலை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

எழுந்து வரும்போது பழக்க தோஷத்தில் "தேங்க்யூ மேடம், ஹாவ் எ நைஸ் டே" என்று சொல்லிவிட்டேன். ஊத்துக்கோட்டை தாண்டும் வரைக்கும் அதற்காகத் தேற வைத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே வந்தேன்.

18 மார்ச், செவ்வாய்

ஃபெயில்.

வெங்கடலட்சுமிக்குச் சொன்னேன். "பரவால்ல, இன்னொரு வாட்டி போலாம்" என்றாள். இன்னொரு வாட்டி என்ற ஒன்று இருப்பதை நான் யோசிக்கவே இல்லை.

22 மார்ச், சனி

கிளாஸுக்குப் போனால் தரணி மேடம் நாற்காலி மேல் ஏறி நின்று போர்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

"மேடம், ஒருத்தன்தானே..."

"கணக்குப்படி அவ்ளோதான் சார் வருது."

இறங்கி வந்தார். கையெல்லாம் சிவப்புப் பெயிண்ட். இங்கிலீஷில் கேட்டார், இன்று என்ன கிழமை? சனிக்கிழமை என்றேன். நேற்று? வெள்ளி. உங்கள் வீட்டில் எத்தனை அறை? இரண்டு அறை, ஒரு சமையலறை. எல்லாம் இங்கிலீஷில், ஒரு தப்பில்லாமல். வாய் முந்திக்கொண்டது.

அவர் கண்ணில் தண்ணீர். அப்புறம் தெலுங்கு. நான் எழுத விரும்பாத அளவுக்குத் தெலுங்கு. கடைசியில்தான் தமிழுக்கு வந்தார்.

"எங்கிட்ட ரேஷ்மான்னு ஒரு பொண்ணு படிச்சா சார். வாய் திக்கும். மூணு வாட்டி ஃபெயிலாயி, அப்பவும் நா போர்ட அழிச்சு எழுதி, நாலாவது வாட்டி பாஸ் பண்ணா. நீங்க தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துக்கிறீங்க. போவ வாணாம்னா அத அவங்ககிட்ட சொல்லுங்க. என் போர்டுல ஏன் சொல்றீங்க?"

இந்தத் தடவை பதில் நிஜமாகவே தெரியவில்லை.

23 மார்ச், ஞாயிறு

முழுக்க எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இதை நானே நம்பமாட்டேன்.

மத்தியானம் அவளுக்கு நான் போன் போட்டேன். அங்கே காலை. தமிழில் ஆரம்பித்தேன், வெங்கடலட்சுமி, ஒண்ணு சொல்லணும். சொல்லுங்க என்றாள். வரவில்லை. தமிழில் அந்த வார்த்தைக்கு முன்னாடி நைனா நிற்கிறார், அவள் அம்மா நிற்கிறாள், கல்யாணத்துக்கு வந்த சனம் மொத்தமும் நிற்கிறது. இங்கிலீஷில் யாரும் நிற்கவில்லை. காலியாக இருந்தது.

"ஐ டிட் நாட் ஃபெயில்" என்றேன். "ஐ மேட் ஃபெயில்."

நர்ஸ் குரலில் அவள் திருத்தினாள். "ஐ ஃபெயில்ட் ஆன் பர்ப்பஸ்." திருத்திய பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஒய்?"

"ஐ ஆம் அஃப்ரெய்ட்."

"எம்மேலயா?"

இல்லை, அங்கே ஒன்றுமில்லாதவனாக ஆகிவிடுவேனோ என்று பயம் என்றேன். அதைத் தமிழில் சொன்னேன். முதல் கல்லைப் பெயர்த்துவிட்டால் மற்றது வந்துவிடுகிறது.

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. நான் பயந்துபோய் ஏய் ஏய் என்று கூப்பிட்டேன்.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேரு என்னப் பாக்க வந்தாங்க. மூணு பேரும் மொதல்ல கேட்டது விசா எத்தினி நாள்ல வரும்னு. நீங்க கேக்கல. அதுக்கோசரந்தான் சரின்னு சொன்னேன். ஜனவரியில நீங்களும் கேட்டீங்க. சரி, இவரும் அதுக்குத்தான் கட்டிக்கினாருன்னு நெனச்சேன். நெனச்சுக்கினேதான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உங்ககூட பூன நாயின்னு பேசிக்கினு இருந்தேன்."

"நா இங்க இருக்க எவ்ளோ நாள் மிச்சம் இருக்குதுன்னு தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்" என்றேன்.

இப்போது நிஜமாகவே சிரித்தாள்.

அப்புறம் கேட்டாள், விசாவுக்கு இல்லை என்றால் என்னை ஏன் கட்டிக்கொண்டீர்கள்? இங்கிலீஷில் கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. சத்தியவேட்டில் அவளைப் பார்க்கப் போன அன்று, லிஃப்ட் கயிறு அறாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். சொன்னேன். காபி ஆறிப் போகும் வரை அசையாமல் கேட்டாள். அதுவரை என் வேலையைப் பற்றி யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை, சம்பளத்தைத் தவிர.

"யூ லிசன்ட்" என்றேன்.

அதற்கு அவள் தமிழில் சொன்னாள்: "வராட்டியும் நா ஒண்ணும் சொல்லமாட்டேன். லீவுல நான் வந்து போவேன். ஆனா வந்தா நல்லாக்கும். எனக்கு இங்க ஆள் வேணும்னு இல்ல. நீங்க வேணும்."

காது சுட்டது. போன் சூடு.

24 மார்ச், திங்கள்

ரேணிகுண்டாவில் ஒரு ஓட்டலில் மோட்டார் மாற்றினேன். சாப்பிட மறந்துவிட்டேன்.

29 மார்ச், சனி

தரணி மேடத்திடம் மறுபடியும் தேர்வுக்குப் போகிறேன் என்றேன். "உங்க இஷ்டம் சார்" என்றார். புத்தகத்தை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

23 ஏப்ரல், புதன்

சென்னை. இந்தத் தடவை இளவயது ஆள், சளி பிடித்திருந்தது. நாய் இருக்கிறதா? இல்லை, எனக்கு நாய் இல்லை. யாரோடு வசிக்கிறீர்கள்? தனியாக வசிக்கிறேன். என் மனைவி லெஸ்டரில் வசிக்கிறாள். அவள் நர்ஸ். அவளுக்கு மழை பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போவாள். எங்கே போவாள் என்று அவர் கேட்டார். எங்கேயும் இல்லை, பஸ்ஸில் மட்டும் போவாள் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நேரம் முடிந்துவிட்டது.

30 ஏப்ரல், புதன்

பாஸ். நைனா தெருவில் சாக்லேட் கொடுத்திருக்கிறார், எனக்குச் சொல்லாமல்.

20 அக்டோபர், திங்கள்

விசா வந்துவிட்டது. தீபாவளிக்குப் புத்தூர் வந்திருக்கிறேன். நைனா பஸ் ஸ்டாண்ட் வரை பையைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்கிறார். கிளம்புவதற்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. பையை இப்போதே வாசலில் வைத்துவிட்டார். ராத்திரி அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி போய்ப் படுத்துக்கொண்டேன்.

18 நவம்பர், செவ்வாய்

லெஸ்டர்.

வெங்கடலட்சுமி நைட் டூட்டி முடித்து வந்து தூங்கினாள். காலையில் கதவு தட்டும் சத்தம். தபால்காரர், பார்சல். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யூ ஆல்ரைட்?" என்றார்.

முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டவன் நான். இல்லை, கொஞ்சம் குளிராக இருக்கிறது என்றேன். வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் வேலை கிடைக்கவில்லை, வியாழக்கிழமை ஒரு இண்டர்வியூ இருக்கிறது, அதற்குப் பதில்களை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். மனைவி உள்ளே தூங்குகிறாள், அதனால்தான் மெதுவாகப் பேசுகிறேன். மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

அவர் பார்சலைக் கையில் வைத்தபடி நின்றார். பிறகு "குட் லக் ஃபார் தர்ஸ்டே, மேட்" என்று அவரும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பினால் வெங்கடலட்சுமி போர்வையோடு நின்றுகொண்டிருந்தாள். "யாருகிட்ட இவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தீங்க?"

சொன்னேன்.

"ஐயோ, அது கேள்வியே இல்லீங்க. இங்க சும்மா வணக்கம் சொல்ற மாதிரி. யாரும் பதில் சொல்லமாட்டாங்க."

"ஆனா நின்னு கேட்டாரே."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கிற வரை காத்திருந்துவிட்டு, அரிசி எவ்வளவு போட என்று கேட்டேன்.